மேல் அம்பு காட்டிய வரி

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, மரக்காணத்தில் எங்கள் கிறிஸ்தவப் பங்குக் கோயிலை ஒட்டிய வாசகசாலையைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே ஒரே ஒரு கணினி. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் ஓடுவது. அதில் வேலை செய்பவர் நாற்பது வயதுப் பெண். வெயில் காலத்தில் உப்பளத்தில் உப்பு வாருவார். மழை வந்து பாத்திகள் மூழ்கியதும் வாசகசாலைக்கு வந்து தட்டச்சு செய்வார். திண்டிவனம் போய்க் கணினி படித்தவர்.

சென்ற ஐப்பசியில் உப்பளப் பெண்கள் எல்லோருடைய தொழிலாளர் அட்டையையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பங்களைப் படத்தோடு அவர்தான் கணினியில் ஏற்றினார். அச்செடுத்துக் கையெழுத்துப் போட்ட தாள்களை வாங்கிக்கொள்ள வியாழக்கிழமை அதிகாரி வருவதாக இருந்தது.

செவ்வாய் மாலை இடி இடித்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர் கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மழை விட்டதும் நான் பிளக்கைச் செருகி உட்கார்ந்தேன். கண் புரை அறுவைக்குப் பிறகு திரையின் எழுத்துகள் எனக்குச் சிறியதாகத் தெரிந்தன. பெரிதாக்கப் பார்த்தேன். ‘அனுமதி இல்லை’ என்றது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு அனுமதி கொடுத்தும் மறுத்தும் வந்தவன் நான். அந்த வரி என்னைச் சுட்டது. இணையத்தில் யாரோ எழுதியிருந்ததைப் பார்த்து, கறுப்புத் திரைக்குப் போய், வாசகசாலைக் கணக்கின் எங்கள் பொதுக் கடவுச்சொல்லைக் கொடுத்து, திரையைத் தொடங்கும் கட்டளைக்கு முன்னால் ‘சுடோ’ என்ற சொல்லைப் போட்டேன். அந்தச் சொல்லைப் போட்டால் கணினி நம்மைச் சாதாரண ஆளாகப் பார்க்காது. ‘ரூட்’ என்கிற முழு அதிகாரியாக ஏற்றுக்கொள்ளும். எல்லாம் திறந்தது. எழுத்தும் பெரிதானது. திருப்தியோடு அணைத்துவிட்டுப் போனேன்.

புதன் காலை அவர் கணினியைப் போட்டார். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தார். திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி கடவுச்சொல்லே கேட்டது. பத்து முறையும் அப்படித்தான்.

வாசலில் நாலைந்து பெண்கள் கையெழுத்துப் போடக் காத்திருந்தார்கள். நான் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்: “ஏம்மா, நேத்து இடி இடிச்சப்ப அவசரமா பிளக்கைப் புடுங்கினியே, அதான்.”

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கணினி நன்றாகத்தான் ஓடியது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

“இருக்கும் சார்,” என்றார் அவர்.

“நீ தொட்டா உப்புகூட பூக்காது போலிருக்குதேடி,” என்றாள் ஒருத்தி.

“கம்ப்யூட்டர் படிச்சவளாச்சேன்னு நம்பினோம். நாளைக்கு ஆபீசருகிட்ட என்னத்தக் காட்றது, உன் மூஞ்சியையா?” என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். ஆனால் அட்டை போய்விடுமோ என்ற பயமும் அந்தச் சிரிப்பில் இருந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை.

பாண்டிச்சேரிக்குத் தூக்கிப்போய்க் காட்டலாமா என்றேன். வேண்டாம் என்றார். “கடைசிப் பாத்தியில உப்பு பூக்கலன்னா அதையே பாத்துக்கிட்டு நின்னா ஆவாது சார். வாய்க்கால்லேர்ந்து ஒவ்வொரு பாத்தியா பாத்துக்கினு வரணும். தண்ணி எதுவரைக்கும் வருது, எங்க நின்னு போவுதுன்னு தெரிஞ்சா போதும்.”

கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று என மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். கறுப்புத் திரை வந்தது. அதே கடவுச்சொல்லைக் கொடுத்தார், உள்ளே விட்டது. “பாஸ்வேர்டு சரிதான். இதுவரைக்கும் தண்ணி வருது.” கோப்புகளைப் பட்டியலிட்டார். விண்ணப்பங்கள் அத்தனையும் இருந்தன. வாசலைப் பார்த்து, “எல்லாம் பத்திரமா இருக்குதுக்கா,” என்றார். கணினியின் சேமிப்பு வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. புதிதாக ஒரு பயனரை உண்டாக்கி அந்தப் பெயரில் நுழைந்தார். திரை பளிச்சென்று வந்தது.

“அப்ப மிஷின் நல்லாத்தான் இருக்குது சார். நம்ம பாத்தியிலதான் கோளாறு.”

திரும்பக் கறுப்புத் திரைக்கு வந்தார். முதலில் போட்ட பட்டியல் கட்டளையை மறுபடி எடுக்க மேல் அம்பு விசையை அழுத்திக்கொண்டே போனார். முன்பு தட்டச்சு செய்தவை ஒவ்வொன்றாக வரும் விசை அது. ஒரு அழுத்து கூடிவிட்டது. அன்று காலை அவர் போட்ட முதல் கட்டளைக்கும் முந்தைய வரி திரையில் வந்து நின்றது. ‘சுடோ’ என்று தொடங்கும் என் வரி.

அவர் அதைப் படித்தார். என்னைப் பார்க்கவில்லை. கீழ் அம்பை ஒருமுறை அழுத்தினார். என் வரி மறைந்தது. பட்டியல் கட்டளையில் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து, மறைந்திருக்கும் கோப்புகளையும் வரவழைத்தார். எல்லாவற்றுக்கும் எதிரே வாசகசாலையின் பெயர். ஒரே ஒரு கோப்பு மட்டும் ரூட்டின் பெயரில் இருந்தது. திரையைத் திறக்கும் அனுமதிச்சீட்டு போன்ற கோப்பு அது. நான் அதிகாரியாக நுழைந்தபோது அதுவும் அதிகாரியின் சொத்தாகிவிட்டது. அடுத்த நாள் சொந்தக்காரனால் அதைத் தொட முடியவில்லை.

“இது மட்டும் ரூட்டு பேர்ல இருக்குது,” என்றார் மெதுவாக.

“எந்த ரூட்டு? திண்டிவனம் ரூட்டா?” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

உரிமையாளரை மாற்ற ஒரே வரி. கடவுச்சொல் கொடுத்ததும் திரை வந்தது. பெண்கள் உள்ளே நெருக்கிக்கொண்டு வந்தார்கள்.

“என்னாடி ஆச்சு?”

“நான் பிளக்கைப் புடுங்குனதுதான்க்கா. சரியாயிடுச்சு.”

என் பொய்யை அவர் அப்படியே எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது. காகிதங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது விண்ணப்பம் அவருடையது. படத்தில், இப்போது போலவே, தலையைக் கொஞ்சம் தாழ்த்தியிருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: “இவங்க மேல தப்பு இல்ல. நேத்து சாயங்காலம் நான்தான் தெரியாத கட்டளையைப் போட்டுக் கெடுத்தேன். காலையில தெரிஞ்சே பழியை இவங்க மேல போட்டேன்.”

உப்பு பூக்காது என்று சொன்னவள், “வாத்தியாரே பொய் சொன்னா யாரு முட்டி போட வைக்கிறது?” என்றாள். அறையே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் அவரிடம் திரும்பி, “ஏண்டி, தெரிஞ்சிக்கினே ஏன் சொல்லல?” என்றாள்.

“சாரே சொல்லுவாருன்னு இருந்தேன்,” என்றார் அவர்.

அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவன் அல்ல. அச்சாகிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களை எனக்கென்று அவர் விட்டுவைத்திருந்தார். அதற்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

வியாழக்கிழமை எல்லா விண்ணப்பங்களும் போய்ச் சேர்ந்தன. மாலையில் அவர் கணினியில் எனக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் எழுத்துகளைப் பெரிதாக்கிக் கொடுத்தார். அதற்கு எந்த அதிகாரமும் தேவைப்படவில்லை. வேறு இடத்தில் ஒரு பொத்தான் இருந்தது.

“சுடோவுக்கு பாஸ்வேர்டை மாத்திட்டேன் சார். வேணும்னா கேளுங்க, சொல்றேன்.”

இதுவரை நான் கேட்கவில்லை.