கடைசி ஆளின் கறுப்புச் சட்டை

போன கிழமை ட்ராமுக்கு நிற்கும்போது பார்க்கிறேன், கோப்பிக் கடைக் கண்ணாடிக்குள்ளே ஒரு கம்பளிச் சைக்கிள் சட்டை தொங்குகிறது. இத்தாலிச் சட்டை. முதுகில் மூன்று பை, நெஞ்சில் நூலால் தைத்த எழுத்து. சும்மா இருக்கேலாமல் உள்ளே போய்த் தொட்டேன். மழையில் நனைந்த என் கையில் அந்தக் கம்பளி மணம் ஒட்டிக்கொண்டது. யோகண்ணையின் குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்த அதே மணம்.

யோகண்ணை என்னோடு ஒஸ்லோவில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவியவர். சைக்கிளோட்டம் டிவியில் பார்ப்பதோடு சரி. ஓடச் சொன்னால் இரண்டு சந்தி தாண்டமாட்டார். நான் மட்டும் என்ன திறமோ, அதை விடுங்கள். ஆனால் தான் வாங்கிச் சேர்த்த இத்தாலிக்காரரின் சட்டைகளைப் பற்றித் தொடங்கினால் மனுசனை நிற்பாட்டேலாது. "முதல்லை சைக்கிள் செய்யிறவன்ரை பேர் மட்டும்தான் தம்பி இருந்தது. பிறகு இறைச்சிக் கம்பெனிக்காரன், கோப்பி மெசின்காரன், குசினி அலுமாரி செய்யிறவன் எல்லாரும் நெஞ்சிலை ஏறீட்டாங்கள்." இத்தாலியைச் சுற்றி வரும் பெரிய ஓட்டத்தில் முன்னுக்கு நிற்பவனுக்கு ரோஸ் சட்டை. ஓட்டத்தை நடத்திய பேப்பர் ரோஸ் தாளில் அச்சானதால் அந்த நிறமாம். பிறகு நைலோன் வந்து கம்பளியைத் துரத்திவிட்டதாம்.

அவருக்குப் பிடித்தது கறுப்பு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு கொஞ்சக் காலம் கடைசியாய் வந்து சேர்ந்தவனுக்குக் கறுப்புச் சட்டை கொடுத்தார்கள். அதற்கும் போட்டி! வைக்கோல் கொட்டிலுக்குள் ஒளிந்திருந்தெல்லாம் பிந்தி வந்திருக்கிறார்கள். "விசரங்கள்" என்று நான் சிரிப்பேன். அந்த மாதிரியில் நெய்த ஒன்றை யோகண்ணை இத்தாலியிலிருந்து எடுப்பித்தார். தனக்கில்லை, வன்னியில் இருந்த தம்பி குமரனுக்கு. "அவன் பள்ளிக்கூடத்துக்கும் கடைசி, சாப்பாட்டுக்கும் கடைசி. இஞ்சை வரேக்கை போடட்டும்."

இரண்டாயிரத்து ஒன்பது. யுத்தத்தை நிறுத்தச் சொல்லிச் சித்திரை முழுக்க ஒஸ்லோப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினோம். எல்லோரும் கறுப்பு உடுத்தினோம். யோகண்ணை தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். "அவனுக்குச் சூடாக்கி வைக்கிறன்" என்றார். வைகாசியில் எல்லாம் முடிந்தது. அதே கிழமைகளில் இத்தாலியில் அவங்கள் பாட்டுக்குச் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நினைத்தால் இப்பவும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்குப் பிறகும் போய் நின்றோம். ஒருநாள் பாராளுமன்றத்தடியிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனோம். வவுனியா முகாமிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் எடுத்தார். குமரனைக் கடற்கரையில் கண்டவராம், அதற்குப் பிறகு காணவில்லையாம். யோகண்ணை போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "காணேல்லை எண்டால் இன்னும் வரேல்லை எண்டதுதானே. கடைசி ஆளுக்கு நேரம் செல்லும்." சட்டையைக் கழற்றிக் குசினிக் கதவில் கொழுவிவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டார். நானும் பின்னால் போனேன். வேறென்ன செய்ய?

நாங்கள் போன பிறகு, செய்தி கேட்ட சனம் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறது. செத்தவீடென்றால் முழுகி, கிடந்த உடுப்பெல்லாம் உடனே தோய்த்துவிட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது யோசிக்காமலே கை செய்கிற வேலை. சனம் எழும்பிப் போனதும் யோகண்ணையின் மனைவி வசந்தி அக்கா தலைக்கு ஊற்றிவிட்டு, கதவில் கொழுவியிருந்ததையும் சேர்த்து அள்ளி மெசினில் போட்டு, அறுபது பாகைச் சூட்டில் விட்டுவிட்டா. கம்பளி சுருங்கி ஐந்து வயதுப் பிள்ளைக்கு அளவாய் வெளியே வந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது அக்கா அதைப் பிடித்தபடி வாசலில் நின்றா.

"இஞ்சாருங்கோ, கம்பளி எண்டு யோசிக்கேல்லை. புதுசு ஒண்டு எடுப்பம்."

யோகண்ணை சட்டையைப் பார்க்கவேயில்லை. அக்காவின் ஈரத் தலைமயிரைப் பார்த்தார்.

"இஞ்சை ஆர் வசந்தி செத்தது?"

நான் சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். ஐயோ, யோகண்ணையின் அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

பிறகு அவர் ஓட்டம் பார்த்ததில்லை. மற்றச் சட்டைகள் எங்கே போயினவோ தெரியாது. கடைசி ஆளுக்குக் கறுப்புக் கொடுப்பதை இத்தாலிக்காரர் எப்பவோ விட்டுவிட்டார்கள். இப்போது கனக்கப் பிந்தினால் ஆளையே ஓட்டத்திலிருந்து நீக்கிவிடுகிறார்களாம். செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டியைக் குமரனுக்கும் செய்வோமா என்று யாரும் வாயெடுத்தால் யோகண்ணை பாய்ந்து விழுவார். எத்தனையோ வருசம் அந்தக் கோபத்துக்குப் பயந்து நாங்கள் குமரனின் பேரையே எடுக்கவில்லை. போன மாதம் அந்தியேட்டியைப் பற்றி அக்கா மெல்லக் கேட்டாவாம். "செய்யிறதெண்டால் செய்" என்றாராம்.