செல்விக்காக ஒரு நிமிட ஜெபம்

இன்று மாலை எங்கள் கிட்வாய் நகர் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். பிறரிடம் அன்பு காட்டுவது பற்றிப் பேசினோம்.

வீட்டுவேலை செய்யும் செல்வி கிளம்பினாள். "அஞ்சு மணிக்கு எங்க குடிசைங்க இருக்கற மதராசி கேம்ப்ல தண்ணி டேங்கர் வரும்மா. ஜல்தி போகணும்."

"ஒரே நிமிஷம், உனக்காக ஜெபிக்கிறோம்" என்று கூட்டத் தலைவி அவளை முழங்காலில் நிறுத்தினார். ஏழு பேரும் முறைவைத்து ஜெபித்தோம். அவள் தேவைகள் யாவும் சந்திக்கப்பட வேண்டுமென்று நான் நல்ல ஆங்கிலத்தில் மன்றாடினேன்.

ஆமென் சொன்னபோது மணி ஐந்தரை.

"டேங்கர் போயிருக்கும். ரெண்டு கேன் உங்க குழாய்லயே புடிச்சுக்கறேம்மா" என்றாள் செல்வி.

"ஸ்தோத்திரம்! ஜெபத்துக்கு உடனே பதில் பாத்தீங்களா!" என்று பூரித்தார் தலைவி.

இரண்டு கேனையும் பஸ் ஸ்டாப் வரை அவளே தூக்கிப் போனாள். எனக்கு மூட்டுவலி. மற்ற ஆறு பேருக்கு என்ன வந்தது? நீங்களே சொல்லுங்கள்.