மாப்பிள்ளைக்கு ஹெவி லைசென்ஸ்

அதத்தான் கண்ணு நானும் சொல்றேன். மாடி வூட்டுக்காரி அவ மாப்பிள்ளைக்கு எதுக்க கால்மேல கால் போட்டு ஒக்காந்துக்கினு சிரிக்கறா, அவரு கையில இருக்கற ரிமோட்ட புடுங்கறா. நானும் பாத்தேன். தப்புன்னு சொல்ல வரல, காலம் அப்பிடி. நல்லா இருக்கட்டும். எனக்கு அதப் பாத்தா சிரிப்புதான் வருது. எங்க மாப்பிள்ளைகிட்ட நான் மொதமொதல்ல வாயத் தெறந்து பேசினது எங்க தெரியுமா உனக்கு? ஆர்.டி.ஓ. ஆபீசு கிரவுண்டுல. அத்தன ஆம்பளைங்களுக்கு நடுவுல. ஒக்காரு, சொல்றேன். அந்தக் கீரைய இப்பிடி நவுத்து, பேசிக்கினே ஆயலாம்.

அப்ப நாங்க பொம்மனஹள்ளியில லைன் வூட்ல இருந்தோம். ஒரு ரூமு, ஒரு சமையல்கட்டு, நடுவுல கதவு கெடையாது, என்னோட பழைய பொடவையத்தான் திரையா கட்டியிருந்தேன். வூட்டுக்காரரு போய் சேர்ந்த பொறவு எனக்கு இருந்தது ஒரே பொண்ணு. அவளும் மாப்பிள்ளையும் என்கூடவே இருந்தாங்க. கைக்கொழந்த வேற. மாமியாக்காரி ஒருத்தி, மாப்பிள்ள ஒருத்தரு, ஒரே வூட்டுல. எப்பிடி இருக்கும்னு நெனச்சுப் பாரு. எங்க பக்கத்துல மாப்பிள்ள எதுக்க மாமியா நிக்கக்கூட மாட்டா. அவரு உள்ள வந்தா நான் திரைக்கு அந்தாண்ட போயிருவேன். எது கேக்கறதுன்னாலும் பொண்ணு வழியாத்தான். "கொழம்பு போதுமான்னு கேளுடி." "போதும்னு சொல்லு." ரெண்டு பேரு பேச்சும் எனக்கும் கேக்கும், அவருக்கும் கேக்கும். இருந்தாலும் நடுவுல அவ நின்னு சொல்லணும். சொன்னாத்தான் மரியாத.

மாப்பிள்ள அப்ப டெம்போ ஓட்டிக்கினு இருந்தாரு. சிமெண்டு பிளாக்கு எறக்கற வண்டி. தங்கமான மனுசன், குடி கெடையாது, வெத்தல பாக்கு மட்டும் போடுவாரு. அந்தப் பல்லுக்கு என் பொண்ணு எத்தினி சண்ட போட்டிருப்பா. அது வேற கத. பிளாக்கு கம்பெனி ஓனருகிட்ட ஒரு பெரிய லாரியும் இருந்துச்சு. அத ஓட்டிக்கினு இருந்தவரு ஊருக்கே போறேன்னு சொல்லிட்டாரு. ஓனரு இவர கூப்ட்டு, "ஹெவி லைசென்ஸ் எடுத்துக்கினு வா. ஆயுத பூசைக்கு வண்டிக்குப் பூச போடும்போது எவன் சீட்டுல ஒக்கார்றானோ அவனுக்குத்தான் வண்டி. இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்"னுட்டாரு.

வூட்டுக்கு வந்து அவரு இத பொண்ணுகிட்ட சொன்னாரு பாரு, திரைக்குப் பின்னால நான் அடுப்ப அணைச்சிட்டு அப்பிடியே ஒக்காந்துட்டேன். ஏன்னு கேளு. அவருக்கு எழுதப் படிக்க வராது. என்ன மாதிரிதான், கைநாட்டு. டெம்போவுக்கு இருந்த சின்ன லைசென்ஸ யாரோ புரோக்கரு வாங்கிக் குடுத்தது, அதுக்கு ஒரு கேள்வியும் கேக்கல. இப்ப வந்திருக்கற ஆபீசரு அப்பிடி இல்லியாம். புரோக்கரு வந்தா தொரத்தி விடறாராம். தகரத்துல ரோட்டு ஓரத்து போர்டெல்லாம் வரஞ்சு நிறுத்தி, குச்சியால காட்டி, இது இன்னா, இதப் பாத்தா நீ இன்னா பண்ணுவேன்னு வாயால கேப்பாராம். திக்கினா வண்டிமேலயே ஏத்த மாட்டாராம். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரு இதையெல்லாம் சொல்லி ஒரு படத்தாள குடுத்து அனுப்பியிருந்தாரு. பெரிய தாளு, பூரா செவப்பு முக்கோணம், செவப்பு வட்டம்.

அத திரைக்குப் பக்கத்துச் செவுத்துல ஒட்டினோம். பொண்ணு அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, கீழ எழுதியிருந்தத ஒண்ணொண்ணா படிச்சா. நான் அடுப்படியில கேட்டுக்கினே இருந்தேன். எழுத்து தெரியாதவளுக்கு காதுதான கண்ணு. ஒரு வாட்டி கேட்டா போவாது. நடுவுல ஒடுங்கி உடுக்க மாதிரி இருந்தா குறுகலான பாலம். வண்டிக்குப் பின்னால பாம்பு நெளிஞ்ச மாதிரி இருந்தா வழுக்கற ரோடு. முக்கோணம் தலகீழா நின்னா வழி வுடணும். எனக்கே அதிசயமா இருந்துச்சு, இத்தன வருசமா ஓசூர் ரோட்டுல நடக்கறேன், அந்த போர்டெல்லாம் என்கிட்ட பேசிக்கினே இருந்திருக்கு, நான்தான் வெறும் தகரம்னு நெனச்சிருக்கேன்.

ஆனா அவருக்கு மனசுல நிக்கல. பொண்ணு கேட்டா ரெண்டு சொல்லுவாரு, மூணாவதுக்கு கோவம் வந்துரும். "ஏய், சாப்பிட வுடறியா இல்லியா"ம்பாரு. இவளும் புருசன் மொகத்தப் பாத்து வுட்டுருவா. பூச கிட்ட வந்துக்கினு இருக்கு. எனக்கு பயம் தாங்கல. ஒரு நாளு காலையில அவரு களி சாப்பிட்டுக்கினு இருக்கும்போது, திரை ஓரமா கையமட்டும் வெளிய நீட்டினேன். கையில தோசக் கரண்டி. அதால படத்துல ஒண்ண தொட்டு, "இது இன்னான்னு கேளுடி"ன்னேன்.

அவரு களிய முழுங்காம அப்பிடியே ஒக்காந்துட்டாரு. மாமியா கேக்கறாளே, கோவப்பட முடியுமா, எந்திரிச்சுப் போவ முடியுமா. பொண்டாட்டி பக்கம் திரும்பி மெல்லமா, "குறுகலான பாலம்னு சொல்லு"ன்னாரு.

"பாத்தா இன்னா பண்ணுவாருன்னு கேளு."

"எதுருல வண்டி வந்தா நிப்பேன்னு சொல்லு."

தப்பா சொன்னா, "இன்னொரு வாட்டி யோசிக்கச் சொல்லுடி"ம்பேன். அவ்ளோதான். தெனமும் காலையில இதான். பொண்ணு நடுவுல ஒக்காந்து கொழந்தைக்குப் பால் குடுத்துக்கினே அங்கயும் இங்கயும் தலையாட்டுவா, சில நாளு தூங்கியே போயிருவா. நாங்க ரெண்டு பேரும் தூங்கறவகிட்ட சொல்லுடி, சொல்லுன்னு கேள்வி பதிலு நடத்திக்கினு இருப்போம். பக்கத்து லைன்ல இருந்த பொம்பள கேட்டுட்டு, "ஏன்க்கா, உன் மாப்பிள்ளைக்கு லைசென்ஸா, உன் பொண்ணுக்கா"ன்னு கிண்டல் பண்ணுவா. பண்ணட்டும். அவருக்கு எல்லாமே வந்துருச்சு. அடுப்படியில இருந்து தோசக் கரண்டி வந்தாலே பதிலு வாயில வந்து நிக்கும்.

எனக்கு மட்டும் பயம் போவல. டெஸ்டு வியாழக்கெழம. அதுக்கு முந்தின வாரமே நான் விவேக் நகரு போயி குழந்தை இயேசு கோயில்ல மெழுகுவத்தி வெச்சிட்டு வந்தேன். நாம கும்புடற மாரியாத்தாளுக்கும் ஒரு எலுமிச்சம்பழம் வெச்சேன். யாரு காதுல வுழுதோ வுழட்டும்னு. பெயிலாப் போனா லாரி போச்சு, டெம்போலேயே கெடந்து முதுகு ஒடிவாரு, என் பொண்ணு இந்த ஒத்த ரூமுலயே கெழவி ஆவா. அதத்தான் நெனச்சு நெனச்சு பயந்தேன்.

டெஸ்டு அன்னிக்கு அவரே பொண்ணுகிட்ட, "நீ வந்து நில்லு, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு"ன்னாரு. அவ போனா கொழந்த போவணும், கொழந்தைய தூக்க நான் போவணும். மூணு பேரும் பஸ்ஸுல போனோம். அவரு முன்னால, நாங்க பின்னால. பெரிய கிரவுண்டு. ஒரு ஓரத்துல லாரி நிக்குது, இந்தப் பக்கம் தகர போர்டுங்க. எங்க வூட்டுப் படத்துல இருக்கற அதே உடுக்க, அதே பாம்பு, ஆனா எவ்ளோ பெருசு. ஆம்பளைங்க வரிசையா நிக்கறாங்க. கம்பி வேலிக்கு இந்தாண்ட நானும் பொண்ணும்.

ஆபீசரு ஒல்லியா, மூக்குக் கண்ணாடி போட்டுக்கினு இருந்தாரு. கன்னடமும் கொஞ்சம் தமிழும் கலந்துதான் பேசினாரு, சத்தமே போடல. சத்தம் போடாத ஆபீசரப் பாத்தா இன்னும் பயமா இருக்கும், தெரியுமா. முன்னால நின்னவன் ஒருத்தன் திக்கினான். "ஹோகு"ன்னாரு, போடான்னு. அவ்ளோதான், அவன் போயிட்டான். அப்பறம் நம்மாளு. ஆபீசரு குச்சிய எடுத்து அந்தக் குறுகலான பாலத்துமேல வெச்சு, "இது ஏனப்பா"ன்னாரு, இது இன்னான்னு.

கண்ணு, நம்மாளு ஆபீசரப் பாக்கல. நேரா வேலி பக்கம் திரும்பி என் பொண்ணப் பாத்து, "குறுகலான பாலம்னு சொல்லு"ன்னாரு.

வரிசையில நின்னவங்கெல்லாம் சிரிச்சிட்டாங்க. ஆபீசரு சிரிக்கல. அடுத்த போர்டுல குச்சிய வெச்சாரு. இவரு மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பி, "வழுக்கற ரோடுன்னு சொல்லு, மெதுவா போவேன்னு சொல்லு"ன்றாரு. வேணும்னு பண்ணல. அப்பிடியே பழகிப்போச்சு. கேள்வி ஒரு பக்கம் வந்தா பதிலு பொண்டாட்டி பக்கம்தான் போவுது.

ஆபீசரு வேலியப் பாத்தாரு, என் பொண்ணப் பாத்தாரு. வெளிய இருந்து இவ ஜாட காட்டி சொல்லித் தர்றான்னு நெனச்சிட்டாரு. பேப்பர எடுத்து ஓரமா வெச்சிட்டு, "ஆ கடெ நில்லு"ன்னாரு. அந்தாண்ட போயி நில்லுன்னு. அடுத்த ஆள கூப்ட்டுட்டாரு.

நம்மாளு மொகத்துல ரத்தமே இல்ல. என் பொண்ணு வேலிய புடிச்சிக்கினு, "அம்மா, போச்சும்மா, பூசைக்கு முன்னால இன்னொரு டெஸ்டு இல்லம்மா"ன்னு அழுவறா. எங்கருந்து அந்த தைரியம் வந்துச்சோ, தைரியம்னு கூட சொல்லக்கூடாது, பயம்தான் தள்ளிச்சு. கொழந்தைய இடுப்புல வெச்சிக்கினு கேட்டு வழியா உள்ள போயிட்டேன். வாட்ச்மேனு ஏய் ஏய்னு பின்னால வர்றான்.

"சாமி, அவ ஒண்ணும் சொல்லித் தரல சாமி"ன்னேன். கன்னடம் பாதி, தமிழு பாதி. "நான் மாமியா. மாப்பிள்ளகிட்ட நேரா பேசக்கூடாது. அதனால நான் அவளக் கேக்கறது, அவரு அவகிட்ட சொல்றது. தெனம் அப்பிடித்தான் படிச்சாரு. வேற ஒண்ணும் தப்பில்ல சாமி."

ஆபீசரு கண்ணாடிய கழட்டி தொடச்சாரு. "ஓதோகே பருத்தா உனக்கு?" படிக்க வருமான்னு கேக்கறாரு.

"இல்ல சாமி, காதால கேட்டதுதான்."

கண்ணாடிய திருப்பி மாட்டினாரு. அப்பறம் குச்சிய என்கிட்ட நீட்டி, "பொண்ண வேலிய வுட்டு தூரமா போகச் சொல்லு, கண்ணுக்குத் தெரியக்கூடாது. இப்ப நீனே கேளு. நேரா அவனையே கேளு. அவன் ஒனக்கே பதில் சொல்லணும்"னாரு.

கொழந்தைய இந்த இடுப்புக்கு மாத்திக்கினு அந்தக் குச்சிய வாங்கினேன். முந்தானைய தலைக்கு மேல இழுத்து வுட்டுக்கினேன். மாப்பிள்ள எனக்கு எதுக்க நிக்கறாரு, தரையப் பாத்துக்கினு. நானும் அவரு காலத்தான் பாத்தேன். பழைய செருப்பு, ஒரு வாரு அந்துபோயி ஊக்கு குத்தியிருந்துச்சு. இத்தன நாளு அதகூட நான் பாத்ததில்ல. கூட்டமே பாக்குது. கொழந்த என் தாலியில்லாத கழுத்தப் புடிச்சு இழுக்குது.

கடைசியில குச்சிய ஒரு போர்டுல வெச்சு, "மாப்ள, இது இன்னாங்க"ன்னேன். என் குரலே எனக்குத் தெரியல.

அவரு காது ரெண்டும் செவந்துபோச்சு. தலைய நிமுத்தாமலே, "முன்னால பள்ளிக்கூடம்ங்க அத்த. மெதுவா போவணும்ங்க"ன்னாரு.

அப்பறம் ஒண்ணு, அப்பறம் ஒண்ணு. ஆபீசரு கண்ணாலயே அடுத்தத காட்டறாரு, நான் குச்சிய நவுத்தறேன். எல்லாம் சரியா வருது. ஒரு எடத்துல மட்டும் தப்பு வுட்டுட்டாரு. ஏத்தம் போட்டிருக்கு, எறக்கம்னுட்டாரு. எனக்குத் தெரியுது தப்புன்னு. ஆனா மாப்பிள்ளயப் பாத்து, அதுவும் நாலு பேரு எதுக்க, தப்புங்கன்னு எப்பிடி சொல்றது? நடுவுல பொண்ணும் இல்ல. குச்சிய எடுக்காம அங்கயே வெச்சிக்கினு நின்னேன். அவரு ஒரு தரம் என் கையப் பாத்தாரு, குச்சி நவுரலன்னு பாத்தாரு, போர்ட நல்லாப் பாத்தாரு. "இல்லங்க அத்த, ஏத்தம். கியர் கொறச்சு ஏறணும்ங்க."

ஆபீசரு எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பேப்பர எடுத்து ஏதோ எழுதினாரு. "வண்டி ஹத்து"ன்னாரு. லாரியில ஏறுன்னு. என்னப் பாத்து, "அம்மா, குச்சி குடும்மா, இன்னும் ஆளுங்க இருக்காங்க"ன்னாரு. நான் குச்சிய கெட்டியா புடிச்சிக்கினே நின்னிருக்கேன்.

வண்டிய அவரு ஓட்டினதப் பத்தி சொல்லவே வேணாம், அது அவரு கைவசம். பாஸு. ஆயுத பூசைக்கு சீட்டுல அவருதான் ஒக்காந்தாரு. பூசணிக்கா ஒடச்சு, வாழக்கன்னு கட்டி, ஓனரு எங்க எல்லாத்துக்கும் பொரி குடுத்தாரு. எனக்கு சந்தோசத்துல கண்ணு தண்ணியா ஊத்துது.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. பூச முடிஞ்சு மொத லோடு. கிருஷ்ணகிரி தாண்டி எங்கயோ போவணுமாம். நம்ம டெம்போ தெருவுல திரும்பறது மாதிரியா அது. ஆளு ஒசரத்துக்கு டயரு, பின்னால மலையாட்டம் பிளாக்கு. அவரு மேல ஏறி கதவ சாத்தினாரு. அந்த சத்தம் கேட்டதும்தான் எனக்கு ஒறச்சுது. இத்தன நாளு பெயிலாயிடுவாரோன்னு பயந்தேன், பாஸானா இன்னா ஆவும்னு ஒரு நாளும் நெனச்சுப் பாக்கல. வழுக்கற ரோடு, எறக்கம், குறுகலான பாலம், எல்லாம் இன்னா இன்னான்னு எனக்குத் தெரியுமே. தெரியாம இருந்திருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன். இப்ப ஒண்ணொண்ணா கண்ணு முன்னால வந்து நிக்குது, அதுமேல இவரு லாரிய வுட்டுக்கினு போறாரு.

அவரு தலைய வெளிய நீட்டி, "வரட்டுங்களா அத்த"ன்னாரு. என்னியேதான் கேட்டாரு. பொண்ணு பக்கத்துலதான் நிக்கறா. நானும் திரும்பல, ஒளியல. "எறக்கத்துல மெதுவா மாப்ள"ன்னேன். அவரு சிரிச்சாரு. வெத்தலப் பல்லு. அவரு சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன்.

போயி மறுநாளுதான் திரும்பினாரு. அது வரைக்கும் நான் வாசல்ல ஒக்காந்த எடத்த வுட்டு நவுரல. வந்துட்டாரு, நல்லபடியாத்தான் வந்தாரு. அப்பறமும் எத்தினி லோடு, எத்தினி வருசம், ஒவ்வொரு தரமும் அந்தக் கதவு சாத்தற சத்தம் கேட்டா எனக்கு இங்க, நெஞ்சுக்குக் கீழ, ஒரு...

இரு இரு, கொழாயில சத்தம் கேக்குது பாரு. காவேரி தண்ணி வந்துருச்சு. அப்பறம் நாளான்னிக்குத்தான் வுடுவான். கீரைய அப்பிடியே போடு கண்ணு, உன் கொடத்தையும் எடுத்துக்கினு ஓடியா.