இன்னும் முடியலை

அப்பாவும் சித்தப்பாவும் திலக் நகரில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் தபால்காரி நான். "சாப்பிட வரச் சொல்லு உன் சித்தப்பாவை." "பசிக்கலைன்னு சொல்லு உங்கப்பாகிட்ட." இரண்டு பேரும் மூன்றடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பது வயசில் எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சண்டைக்குக் காரணம் புல்லாங்குழல். சின்ன வயசில் சித்தப்பாவைக் கையைப் பிடித்து, ரயில் மாறி, மாட்டுங்காவில் குழல் வகுப்புக்கு அழைத்துப்போனதே அப்பாதான். அந்தத் தம்பி கச்சேரி மேடை ஏறாமல் ஒரு ராக் குழுவில் சேர்ந்து, இருபத்தைந்து வருஷமாக அயர்லாந்து நாட்டுப்புற மெட்டுகளை ஊதிக்கொண்டிருந்தார். அவர்கள் பாட்டு ஒவ்வொன்றும் இருபது நிமிஷம் ஓடும். தாளம் ஏழாகும், ஐந்தாகும், திடீரென்று குதியாட்டம் போடும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹாலில்தான் ஒத்திகை. டிரம்ஸ்காரர் சோபாத் திண்டைப் போட்டு மொத்துவார். அப்பா படுக்கையறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொள்வார்.

குழுவின் வெள்ளிவிழாக் கச்சேரி செம்பூரில். "உங்கப்பா வருவாரான்னு கேளு" என்று சித்தப்பா நாலு தடவை என்னை அனுப்பினார். பாவம், அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. "எனக்கென்ன தலையெழுத்தா?" என்றார் அப்பா. சாயங்காலம் ஆனதும், குழந்தையை எப்படித் தனியாக அனுப்புவது என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டையை மாட்டினார்.

கடைசியாக ஒரு புதுப் பாட்டு. பாதியில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நின்றன. கூட்டம் கைதட்டியது, சிலர் எழுந்தே விட்டார்கள். நானும் கையைத் தூக்கினேன். அப்பா பிடித்துக்கொண்டார்.

"இரு. இன்னும் முடியலை."

சித்தப்பாவின் குழல் மட்டும் தனியாகக் கிளம்பியது. அப்பாவின் உள்ளங்கை என் தொடையில் தாளம் போட்டது. பாட்டு எப்படித் திரும்பினாலும் அந்தக் கை சரியாக விழுந்தது. எனக்குத் தொடை எரிந்தது, அவ்வளவுதான் தெரியும்.

முடிந்ததும் அப்பா ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார். சித்தப்பா வியர்வையோடு ஓடி வந்தார். "என்னடி சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. தாளம் போட்டே என்னைக் கொன்னுட்டார். எல்லாரும் தட்டினப்போ மட்டும் 'இன்னும் முடியலை'ன்னார்."

சித்தப்பா அப்படியே நின்றார். "நம்ம ஹாலைத் தவிர வேற எங்கேயும் வாசிக்காத பாட்டுடி அது" என்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

ஜனங்கள் நடுவில் கைதட்டிக் கெடுத்துவிட்ட துக்கம் என்று நினைத்தேன். "விடு சித்தப்பா, அடுத்த தடவை முன்னாடியே மைக்கில சொல்லிடலாம்" என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.