சாட்சிக் கையெழுத்து

தெருவில் எல்லோரும் அவரைப் 'பாலத்துக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளத்தில் பதினேழு வருஷம் ஆறுகளுக்குக் குறுக்கே இரும்புப் பாலம் போட்டவர். ஒரு மழைநாளில் தூக்குச் சங்கிலி அறுந்து, உத்தரம் சரிந்தது. நேர் கீழே நின்ற கூட்டாளியைப் பிடித்துத் தள்ளினார். அவன் தப்பினான். உத்தரம் இவருடைய வலது பாதத்தை நசுக்கி, ஆளைப் பாறைமேல் மல்லாக்கத் தள்ளியது. பாதத்தில் மூன்று எலும்பு நொறுங்கிப்போக, முதுகெலும்பிலும் இரண்டு இடத்தில் விரிசல். தப்பியவனுக்குப் பட்டாளத்தில் 'சிட்டு' என்று பட்டப்பெயர்.

ஊனத்துக்கான உதவித்தொகை கேட்டு மனுப் போட்டார். "பணியில் ஏற்பட்ட காயம் அல்ல" என்று ஒற்றை வரியில் தள்ளுபடி. மேல்முறையீட்டுக்குப் போனபோதுதான் வக்கீலம்மா பழைய கோப்பின் நகலை வாங்கி அவர் முன் வைத்தார்.

"லீவு நாள்ல பந்து விளையாடும்போது விழுந்ததா எழுதியிருக்குங்க ஐயா. சங்கிலி பழசுன்னு வெளிய தெரிஞ்சா அதிகாரி மேல விசாரணை வந்திருக்கும். கீழே சாட்சிக் கையெழுத்து இருக்கு. இவரைத் தெரியுமா?"

தெரியுமாவா! சிட்டுவின் கையெழுத்து; ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

மறுநாளே மனைவியோடு பஸ் ஏறினார். சிட்டு இப்போது பெயின்ட் கடை வைத்திருந்தான். இவரைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"உக்காருங்கண்ணே. முதுகு எப்படி இருக்கு?"

"பந்து விளையாடின முதுகுதானே, இருக்கு."

சிட்டுவின் முகம் சுண்டிப்போனது. "அதிகாரியே எழுதி வச்சிருந்தாருண்ணே. நான் கையெழுத்து மட்டும்தான்..."

"படிச்சியா?"

"படிச்சேன். பதவி உயர்வுப் பட்டியல் அவர் மேசையில இருந்துச்சு."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எங்க பொண்ணு கல்யாணத்துல இவரு நொண்டிக்கிட்டே உங்களுக்குப் பரிமாறினாரே தம்பி, அது எப்படித் தொண்டையில இறங்குச்சு?"

சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டான். விசாரணைக்கு வந்து உண்மையைச் சொல்வதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

வரவில்லை. போனை அணைத்து வைத்திருந்தான். மூன்று பேர் குழுவின் முன் நெடுநேரம் உட்கார முடியாமல், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார் பாலத்துக்காரர். வக்கீலம்மா பட்டாள ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரேயை எடுத்துக் காட்டி, "பந்து விளையாடினா பாதம் இப்படி நொறுங்குமா?" என்று கேட்டார். பாதத்தை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். முதுகுக்குச் சாட்சி இல்லையாம். வயதுத் தேய்மானம் என்று எழுதிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் மனைவி வெடித்தாள். "அந்தப் பாவியை அன்னிக்கு அப்படியே விட்டிருக்கணும்!"

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, வக்கீலம்மாவைப் பார்த்தார்.

"அடுத்த அப்பீலுக்கு எத்தனை நாள் இருக்கும்மா?"

"அறுபது நாள்."

"அவனுக்குச் சம்மன் அனுப்ப முடியுமா?"

"முடியும். ஆனா அவர் பழையபடி பொய்யே சொன்னா?"

"சொல்லட்டும்மா. ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."