வள்ளக்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வி

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் புத்தளத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து இறங்கியதும், கற்பிட்டிப் பக்கத்து மீனவர்களுக்கு இங்கிலீஷ் ஆசை வந்துவிட்டது. மீன் வாங்க வரும் சிப்பாய்களோடு விலை பேச வேண்டுமே. பங்குச் சுவாமியார் மாதா கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டு, மாலை வகுப்புக்கு என்னை வாத்தியாராக வைத்தார். வேலை தற்காலிகம்தான். கல்விப் பரிசோதகர் வந்து பார்த்து நல்லது என்றால் நிரந்தரம். இல்லையென்றால் சிலாபத்தில் மாமாவின் கொப்பராக் கடை. அந்த மாமாவுக்குக் கீழே வேலை செய்வதைவிடக் கடலில் குதிக்கலாம்.

மாணவர்கள் எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். கேள்வி கேட்டே என் உயிரை எடுத்தார்கள். சுவாமியாருக்கும் 'யூ', நாய்க்கும் 'யூ' என்றால் மரியாதையை எங்கே வைப்பது? ஆம்பிளைகள் ஓட்டும் வள்ளத்தை ஏன் 'ஷீ' என்கிறார்கள்? புறப்படும்போது 'ஐ ஆம் கோயிங்' என்பது ஒரேயடியாகப் போகிறவன் பேச்சுப்போல இருக்கிறதே, போய்வருகிறேன் என்று சொல்ல இங்கிலீஷில் வழியில்லையா? இல்லை என்றேன். பாவம் வெள்ளைக்காரர் என்று ஒருவர் உச்சுக்கொட்டினார்.

நிகழ்காலத்தில்தான் வகுப்பு அடியோடு நின்றது. பாடம் 'வேர் ஆர் யூ கோயிங்?' என்று தொடங்கியது. எங்கே போகிறாய் என்று நான் பொருள் சொன்னதுதான் தாமதம், முன்வரிசையில் இருந்த சம்மாட்டியார் புத்தகத்தை மூடிவிட்டார். ஊரின் பெரிய வள்ளங்கள் அவருடையவை. அவர் மூடினால் எல்லாரும் மூடுவார்கள்.

"கடலுக்குப் போறவன எங்க எண்டு கேட்டா வலை வெறுமனதான் வரும், மாஸ்டர். இத நாங்க படிக்க மாட்டம்."

இது வெறும் பாடம் என்று கத்தினேன். மூடநம்பிக்கை என்றேன். ஒருவரும் அசையவில்லை. நம்மவர்கள் கேட்பதுபோல 'தூரமோ?' என்று கேட்டால் குற்றமில்லை என்று கடைசியில் சம்மாட்டியாரே இறங்கிவந்தார். வேறு வழியின்றி 'இஸ் இட் ஃபார்?' என்று சொல்லிக்கொடுத்தேன். அன்றிலிருந்து ஒருவர் ஒன்றுக்குப் போக எழுந்தாலும் மண்டபமே 'இஸ் இட் ஃபார்?' என்று விசாரித்தது.

பரிசோதகர் வந்தார். சிரிக்காத வெள்ளைக்காரர். வகுப்பு நன்றாகவே பதில் சொன்னது. இறந்தகாலத்தில் எங்களை யாரும் அசைக்க முடியாது. ஆனால் அவர் முடிவு எதையும் சொல்லாமலே எழுந்துவிட்டார். சம்மாட்டியாரின் வள்ளத்தில் களப்புத் தண்ணீரைக் கடந்து புத்தளம் போவதாக ஏற்பாடு. பாய்மரத்தில் பாய் விரித்தாயிற்று. ஏறி உட்கார்ந்த துரை கடைசியாக ஒரு சோதனை வைக்க நினைத்தாரோ என்னவோ, சம்மாட்டியாரைப் பார்த்து, "வேர் ஆர் யூ கோயிங்?" என்று கேட்டார்.

சம்மாட்டியார் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

"ஐ ஆம் நொட் கோயிங், சேர்," என்று பிழையில்லாமல் சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அப்படிக் கேட்டுவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்து, கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். துரை வெயிலில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்தார். கொப்பரா நாற்றம் எனக்கு அங்கேயே அடித்தது. இது இவர்களின் வழக்கம், அந்தக் கேள்வியை நான் கற்பிக்கவே இல்லை என்று எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன்.

அவர் சப்பாத்தைக் கழற்றினார். கால்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"என் அப்பாவும் கடல்தொழில்தான், ஸ்கொட்லாந்தில்," என்று இங்கிலீஷில் சொன்னார். "சிறுவயதில் ஒருநாள் இதே கேள்வியை அவரிடம் கேட்டேன். கன்னத்தில் அறைந்தார். எப்படி மறந்தேன்?"

துரை சம்மாட்டியாரின் வீட்டுக்குப் போய், அவருக்குப் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்து, தானும் ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். பிறகு இருவரும் சேர்ந்தே கரைக்கு வந்தார்கள். வள்ளத்தில் ஏறுமுன் துரை என் பக்கம் திரும்பினார். அந்தப் பாடத்தை இனியும் தொட வேண்டாம், மற்றதையெல்லாம் நீரே நிரந்தரமாக நடத்தும் என்றார்.

நன்றி சொல்லிக் கும்பிட்டேன். கண் நிறைந்துவிட்டது. மூடநம்பிக்கை என்று நான் கத்தித் தீர்த்த வழக்கம்தான் அன்று என் வேலையைக் காப்பாற்றியது.