அகேயோ தேர்ந்தெடுத்த டிஸ்க்

என் தங்கை அகேயோ போராடி வென்றவை: சொந்தக் கணினி இல்லாமலே கணினிப் பயிற்சிக்கு ஓர் இடம். பரீட்சை வாரத்தில் வந்த மலேரியா. கிசுமு நகரில் ஆண்கள் மட்டுமே இருந்த ஓர் அலுவலகத்தில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலி பயிற்சிக்காலம் முடியும் முன்பே போகப் பார்த்தது.

ஏரிக்கரை மருந்தகங்களில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி விவரங்களைச் சேமிக்க, இணையம் வழியே ஒரு கணினியை வாடகைக்கு எடுத்தாள். எடுக்கும்போதே டிஸ்க் அளவையும் சொல்ல வேண்டும். நிரந்தர டிஸ்க்குக்கு முப்பது ஜிபி போதும் என்று குறித்தாள். கணினியோடு சேர்ந்தே நானூறு ஜிபியில் இன்னொன்று வந்தது. விவரங்களையெல்லாம் அந்தப் பெரியதில் வைத்தாள்.

ஈஸ்டருக்கு மருந்தகங்கள் மூடின. எங்கள் வீட்டில் மின்சாரத்துக்கு முன்பணம் கட்டுகிறோம். வெளியே கிளம்பும்போது சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவோம். அதே பழக்கத்தில், வியாழன் மாலை அந்தக் கணினியையும் நிறுத்திவிட்டு என் பைக்கில் ஏறினாள்.

செவ்வாய் காலை, அவள் என் பைக்கிலேயே மறந்துவிட்ட மண்டாசிப் பணியாரப் பொட்டலத்தோடு அலுவலக மாடி ஏறினேன். திரையைப் பார்த்தபடி உறைந்திருந்தாள்.

"அண்ணே, ஒண்ணுமே இல்ல."

"என்னடி இல்ல?"

"பெரிய டிஸ்க் காலி. கணினியை நிறுத்தினா அழிஞ்சிடுமாம். தற்காலிகம்னு பக்கத்துலயே போட்டிருக்கு. நான் சைஸை மட்டும்தான் பார்த்தேன்."

பூட்டிவிட்டுப் போன வீட்டைத் திறந்தால் வெறும் சுவர்கள் நிற்பதுபோல் இருந்தது எனக்கு. பொட்டலத்தை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

மேலாளர் ஒடேரா ஓடி வந்தார். முன்பு பயன்படுத்திய பழைய கணினியில் அதுவரையிலான நகல் இருந்தது. புதியதற்கு மாறிய பின் வந்தவைதான் போயிருந்தன.

"கடலுக்கடியில இன்டர்நெட் கேபிள் அறுந்துபோச்சுன்னு மருந்தகங்களுக்கு எழுதிடலாம். இந்த ஊர்ல யாரு நம்பமாட்டா?" என்றார்.

"போன வருஷம் பூரா அதும்மேலதான் பழி போட்டோம் சார். கேபிளுக்கே அலுத்திருக்கும்," என்றான் பக்கத்து மேசை ஓஜ்வாங்.

"கேபிள்னா, சரியானதும் விவரம் திரும்ப வந்துடும்னு நர்ஸுங்க காத்திருப்பாங்க சார்," என்றாள் அகேயோ. "அழிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சாத்தான் தாய்மாரைக் கூப்பிட்டு, பிள்ளைங்க கார்டைப் பார்த்து மறுபடி ஏத்துவாங்க."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்."

சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தாள்: எந்த டிஸ்க்கை எடுத்தாள், எப்படி அழிந்தது, மருந்தகங்கள் என்ன செய்ய வேண்டும். பயிற்சிக்காலத்தில் இருப்பவர்கள் எழுதும் கடிதங்களில் ஒடேராதான் கையெழுத்திடுவார். அச்சடித்து நீட்டிய தாளைத் தள்ளிவிட்டார்.

"இதுல என் பேரு வராது."

அகேயோ பேனாவை எடுத்தாள். தாளின் அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

அந்த வாரமே மருந்தகங்கள் விவரங்களை மறுபடி ஏற்றின. கடிதத்தைப் படித்த நர்ஸுகள் இனி அவளிடமே பேசுவோம் என்றார்கள். ஒடேராவும் அவளை வெளியே அனுப்பவில்லை. அலுவலகத் தாளில் அவள் தன் பெயரில் முதன்முதலில் கையெழுத்திட்ட நாள் 2022 ஏப்ரல் 19.